இரண்டு வீட்டு ஓணான்

“ஏதாவது வேணுமா, வஞ்சி?”

“ஒண்ணும் வேண்டாங்க.”

“அப்ப நான் கிளம்பட்டா? சங்கு ஊதிட்டான்.”

“கிளம்புங்க.”

அவ்வளவுதான் பேச்சு. ஐந்து மாதக் கருவை இழந்த மறுநாள், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த வஞ்சிக்கும் வாசலில் நின்ற அவள் கணவன் செங்கோடனுக்கும் இடையே நடந்தது. மூன்று வருடம் கழித்தும் அந்த நாலு வரி அவளுக்குள் ஆறாமல் கிடந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாற்றுப்பெட்டியின் முன்னால் வந்து நிற்கும்போது, கதவு திறக்கும் முன்பே அது அவள் காதில் விழுந்துவிடும்.

மாற்றுப்பெட்டி என்பது தெருமுனைச் சுவரில் பதித்த இருபக்கக் கதவுள்ள அலமாரி. ஒருவர் இந்தப் பக்கம் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால், மற்றவர் அந்தப் பக்கம் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். காங்கயம் கீழ்நகரில் பிரிவு கேட்டு மனுப் போட்டவர்களுக்கெல்லாம் இந்த வசதி உண்டு.

அன்று உள்ளே கூண்டும், அதில் ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு தாடி ஓணானும், வழக்கம்போல ஒரு சீட்டும் இருந்தன. “போன மாசம் கூண்டு நாறிக் கிடந்தது. துடைக்கத் துணி இல்லையென்றால் அனுப்பி வைக்கிறேன்” என்று செங்கோடன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே அச்சடித்த கேள்வி: ஓணானின் உடம்பில் குறை ஏதும் உண்டா? பதில்: இல்லை.

“மாணிக்கம், வாடா” என்று அவள் கூண்டைத் தூக்கினாள். அவன் வீட்டில் அதற்குக் கட்டையன் என்று பெயர்.

மேலே வெயிலில் கால் மணி நேரம் நின்றால் தோல் வெந்துவிடும். அதனால் வஞ்சி பிறப்பதற்கு முன்பே ஊர் முழுவதும் பழைய கருங்கல் குவாரிகளுக்குள் இறங்கிவிட்டது. கீழ்நகரில் காற்றும் தண்ணீரும் அளந்துதான். நாய், பூனை கட்டுப்படியாகாது, ஓணான் கட்டுப்படியாகும். அதனால்தான் இணைவளர்ப்புச் சட்டம் ஓணானைத் தேர்ந்தெடுத்தது. பிரிய நினைக்கும் தம்பதி ஒரு குஞ்சை ஆறு மாதம், மாதம் ஒரு வீடாக மாற்றி வளர்த்துக் காட்ட வேண்டும். நாளைக்குப் பிள்ளையைப் பங்கு போட்டு வளர்க்க நேர்ந்தாலும் வளர்ப்பார்கள் என்பதற்கு அது சாட்சி. குஞ்சு செத்தால் மனு செல்லாது. மறுபடி மனுப் போட இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

இன்னும் இந்த ஒரு மாதம்தான் பாக்கி.

மூன்றாம் நாள் காலை வஞ்சி ஒரு வெட்டுக்கிளியை விட்டாள். மாணிக்கம் பாய்ந்தது, தவறியது, மறுபடி கவ்வியது. இரை வாயிலிருந்து நழுவி விழுந்தது. முன்னங்கால் விரல்கள் தந்தி மாதிரி துடித்தன. அது நடந்தபோது வயிறு தரையை விட்டு எழும்பவில்லை. பின்னங்கால் ஒன்று வில்லாக வளைந்திருந்தது. கீழ்த்தாடையைத் தொட்டுப் பார்த்தாள். ரப்பர் போல அமுங்கியது.

விரல் துடிப்பு அவளுக்குப் புதிதல்ல. இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்திருந்தாள். எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு கோர்ட்டில் அவளைக் குற்றவாளியாக்குவான் என்று பயந்து, அன்று அவளும் ‘இல்லை’ என்றுதான் எழுதினாள்.

ஊர்வன மருத்துவர் ஹபீபா இரண்டு பேரையும் வரச் சொன்னாள். ஒருவர் வந்தால் வைத்தியம் கிடையாது, அதுவும் சட்டம். செங்கோடன், கீழ்நகருக்குக் காற்று அனுப்பும் காற்றாலையில் மதிய முறைக்குப் போட்ட உடுப்போடு நேராக வந்தான். வஞ்சியைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தான்.

“என்ன பண்ணி வெச்சிருக்கா பாருங்க டாக்டர். நல்லாத்தான் குடுத்தனுப்பினேன்.”

“நல்லாவா? மூணு நாள்ல காலு வளையுமுங்களா?” என்றாள் வஞ்சி. “பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க.”

“உனக்கு விடுதலை வேணும்னு அவசரம். எனக்கென்ன அவசரம்?”

“அதான் சாகட்டும்னு விட்டுட்டீங்களா?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் ஹபீபா. ஊடுகதிர்ப் படத்தைத் திரையில் போட்டாள். மற்ற ஓணான்களின் எலும்பு சுண்ணாம்புக் கோடு போலப் பளிச்சென்று தெரியும். மாணிக்கத்தின் எலும்பு ஊதுபத்திப் புகை போல இருந்தது. “கால்சியம் இல்ல. வளர்ற வயசுல எலும்புக்குக் கிடைக்கலேன்னா, உடம்பு தன் எலும்பையே கரைச்சுத் திங்கும். கோர்ட்டுல குடுத்த பெட்டி எங்கே?”

செங்கோடன் உடுப்பின் பொத்தானைத் திருகினான்.

“விளக்கும் தூளும் இருந்துச்சே, அந்தப் பெட்டி.”

“பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம்” என்றான் செங்கோடன்.

முதல் நாள் நடுவர் முன்னிலையில் அதற்கே ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் புற ஊதாக்கதிர் விளக்கு அவளுக்கு, கால்சியம் தூள் டப்பா அவனுக்கு என்று கையெழுத்தானது. தன் பங்கை மற்றவருக்கு ஒரு நாள்கூடக் கொடுப்பதில்லை என்பதில் இருவரும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள்.

ஹபீபா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். “நீங்க தினம் தூள் போட்டீங்களா?”

“ஒரு வேளை விட்டதில்லை. பூச்சியைத் தூள்ல புரட்டித்தான் போடுவேன்.”

“நீங்க விளக்கு?”

“பன்னெண்டு மணி நேரமுங்க. கண்ணாடி வெச்சாக் கதிர் மறைச்சுடும்னு நடுவுல கம்பி வலைதான் வெச்சேன்.”

“ரெண்டு பேருமே ஒழுங்காத்தான் பாத்திருக்கீங்க. அதான் கொடுமை. அந்த வெளிச்சம் தோல்ல பட்டாத்தான் உடம்பு டி வைட்டமின் செய்யும். அது இல்லாம தூளைக் கொட்டினாலும் எலும்புல ஏறாது. அங்கே சத்து இருந்துச்சு, ஏத்த வெளிச்சம் இல்ல. இங்கே வெளிச்சம் இருந்துச்சு, ஏத்தச் சத்து இல்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “விரல் துடிச்சிருக்குமே. யாரும் பாக்கலியா?”

செங்கோடன் தலை குனிந்தான். அவனும் பார்த்திருக்கிறான் என்று வஞ்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து மாதச் சீட்டுகளிலும் இருவர் கையெழுத்திலும் ஒரே பதில்.

“இனி மூணு வாரம் இதை அசைக்கக் கூடாது, எலும்பு முறிஞ்சிடும். ஒரே வீடு, ஒரே கூண்டு. பகல்ல நாலு மணி நேரத்துக்கொரு தரம் சொட்டு மருந்து. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் விடணும்.”

வெளியே வந்ததும் அவன் வெடித்தான். “தூள் இல்லேன்னு சீட்டுல ஒரு வரி எழுதறதுக்கென்ன உனக்கு?”

“கேட்டு வாங்கற பழக்கம் எனக்கில்லீங்க.”

“ஆமா, நீ மகாராணி! வாயைத் தொறக்காம இருந்துட்டு, எதிராளி கொடுக்கலேன்னு வருசக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே!”

“நீங்க மட்டும் விளக்கு வேணும்னு கேட்டீங்களா?”

அவன் தூள் டப்பாவை எடுத்துவரத் தன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

ஹபீபாவின் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தது அவள் வீடு, அதனால் கூண்டு அங்கேயே போனது. ஒரு காலத்தில் அது அவன் வீடும்தான். மதியம் தூள் டப்பாவோடு வந்தவன் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் விருந்தாளி போல நின்றான். வஞ்சி உட்காரச் சொல்லவில்லை. விளக்கு நீல ஒளியோடு எரிந்தது. அவன் மாணிக்கத்தைத் தூக்காமல், துணியைச் சுற்றி இரண்டு உள்ளங்கையால் அணை கட்டினான். அவள் குனிந்து அதன் உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாக விட்டாள்.

“கை ஆடுது உனக்கு.”

“உங்க மூச்சு மேல படுது. தள்ளிக்குங்க.”

“தள்ளினா கட்டையன் விழுந்துடுவான்.”

“மாணிக்கம்.”

“என்னவோ ஒண்ணு.”

ஐந்தாவது சொட்டை ஓணான் நக்கி விழுங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். அதற்காக இருவருக்குமே கோபம் வந்தது. அவன் எழுந்து இரையைத் தூளில் புரட்டி வைத்துவிட்டு, அடுத்த வேளைக்குப் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடிக்கச் சொல்லும்படி சுவரைப் பார்த்துச் சொன்னான்.

காற்றாலைச் சங்கு ஊதியது. மூன்று வருடத்துக்கு முன்பு ஊதிய அதே சங்கு. செங்கோடன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினான். முகத்தில் கடுகடுப்புக் குறையவில்லை.

“ஏதாவது வேணுமா?”

“ஒண்ணும்…” என்று ஆரம்பித்தாள் வஞ்சி.

கூண்டுக்குள் மாணிக்கத்தின் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. துணியின் மேல், வெளிச்சத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. அதற்கு மறைக்கத் தெரியவில்லை. அவள் மருந்துக் குழலைக் கீழே வைத்தாள். அவனைப் பார்க்காமல் பேச முடியாது என்று தோன்றியது. பார்த்தாள்.

“வேணுமுங்க,” என்றாள். “இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க. என் பக்கத்துல உக்காருங்க.”