எஞ்சின் ஆறட்டும்...

"இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணது யாரு?"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. காரின் கதவைத் திறக்கப் போனவன் திரும்பினான்... திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

நாள் முழுக்கக் கண்களைப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. தூங்கி வழிகிற கண்கள், மிரளுகிற கண்கள், எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று சாதிக்கிற கண்கள்... எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை, ஒரே டார்ச் வெளிச்சம், அடுத்தவர் வாங்க. அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... பெருமழைக்கு முன்னால் தெரு முழுக்க இருண்டு, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் துலங்குமே, அந்த மாதிரி இருந்தன. கோபம் வேறு சேர்ந்துகொண்டதில் இன்னும் அழகாகிவிட்டன. பாவம், அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கையில் பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்று எட்டிப் பார்த்தது.

நான்தான் என்று ஒப்புக்கொண்டான். அவனும் அவன் அம்மாவும் மூன்றாம் மாடிக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காருக்குக் குறுக்கே அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. சாவியும் அதிலேயே தொங்கியது. தள்ளிப் பார்த்தான், மலை மாதிரி அசையவில்லை. சரியென்று ஒரு உதை விட்டான்... டுப், டுப், டுப் என்று அது பேச ஆரம்பித்ததும் ஆசை யாரை விட்டது? பார்க்கிங்கில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓரமாக நிறுத்தியிருந்தான். சுற்றின கதையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் குனிந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"ராத்திரியெல்லாம் ஆற விட்டிருந்தேன். எல்லாம் போச்சு."

"ஆறினா என்ன, ஆறலைன்னா என்ன? காபியா அது?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். பிறகு, ஐந்து வயசுப் பிள்ளைக்கு நிழல் எப்படி விழுகிறது என்று விளக்குகிற பொறுமையோடு விளக்கினாள். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போவதற்கு ஒரு கதவு, புகை வெளியே வருவதற்கு ஒரு கதவு. அதுதான் வால்வு. அந்தக் கதவைத் தட்டித் திறக்கிற சின்னக் கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் இரும்பு விரியும், விரிந்த நேரத்தில் அளந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அந்த இடைவெளியைச் சரிபார்க்க முடியும்.

"புரிஞ்சுதா?"

அவன் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை உதட்டைக் கடித்து அடக்கினாள்... கன்னத்தில் பாதி தப்பித்துவிட்டது.

அவன் திரைச்சீலைக் கம்பி வாங்கப் புறப்பட்டவன். தப்பு தன்னுடையது, ஆறுகிற வரைக்கும் யாரும் தொடாமல் காவல் இருக்கிறேன் என்று சொல்லிக் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று சொன்னவள் மாடிக்குப் போகவும் இல்லை.

வண்டிக்கு இந்தப் பக்கம் கவிழ்த்த வாளியில் அவள், அந்தப் பக்கம் படிக்கட்டில் அவன். மத்தியானம்வரை பேச்சு போன வழியெல்லாம் போயிற்று. அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். இரண்டாம் மாடியில் அக்கா, அத்தானோடு இருக்கிறாள். வண்டி அத்தானுடையது. கார் வாங்கியதும் அதைத் தார்ப்பாய் போட்டு மூடினவர், பழைய இரும்புக்குப் போடக் கிளம்பிய அன்று இவள் குறுக்கே நின்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கழற்றினாள், மாட்டத் தெரியாமல் அழுதாள், மறுபடி கழற்றினாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து கற்றுக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போகிறாள். சத்தம் தெருமுனையில் கேட்டதுமே பிள்ளைகள் வரிசையில் நின்றுவிடுமாம். அவளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் டுப்டுப் டீச்சர்.

எஞ்சின் ஆறியது.

அதற்குப் பிறகு அவன் பார்த்ததை அவனால் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள் ஸ்பேனரை எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஸ்ட்ராவை விட்டு, கிக்கரைக் கையாலேயே மெல்ல மெல்ல அழுத்தினாள். ஸ்ட்ரா மேலே ஏறி நின்றதும், இரண்டு கதவும் மூடியிருக்கிற சமயம் இதுதான் என்றாள். மேல் மூடியைத் திறந்து, கத்தை கத்தையாய் எஃகுத் தகடுகள் கோத்த ஃபீலர் கேஜிலிருந்து மெல்லிசான ஒன்றைப் பிரித்து அந்த இடுக்கில் நுழைத்தாள்.

பார்க்கிங்கே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தகட்டை முன்னும் பின்னும் இழுத்து, விரல் நுனியில் கேட்டாள். லாக் நட்டைத் தளர்த்தி, திருகாணியை இம்மியளவு திருப்பினாள். மறுபடி இழுத்தாள். நட்டை இறுக்கினாள். இறுக்கும்போது திருகாணியும் ஒரு பொட்டு கூடவே நகர்ந்துவிடுமாம். அதனால் மறுபடி தகடு, மறுபடி விரல்... அவளுக்குச் சலிக்கவே இல்லை. யாரும் பார்க்கப் போவதில்லை, மூடி போட்டு மூடப் போகிற இடம்... அதற்கு இத்தனை நேர்மையா? கண்ணாடியில் கால் பவர் கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று அவனே சில சாயங்காலங்களில் அலுத்துக்கொண்டதுண்டு. மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்கு மூன்று முறை திரும்பத் திரும்பச் சோதித்தான். முதலாளி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறும் அவள் வண்டியைத் திறந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். பழைய வண்டியாயிற்றே, பச்சைப் பிள்ளை மாதிரி கவனிப்பு வேண்டும்போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். திருகாணி எடுத்துக் கொடுப்பது, துணி பிழிவது, டீ கொண்டுவருவது எல்லாம் அவன் வேலையாயிற்று. சில நாள் வெளியே மழை கொட்டும். தெருவிலிருந்து பார்க்கிங்குக்கு இறங்குகிற சரிவு வழியாகத் தண்ணீர் உள்ளே ஓடிவரும். அவள் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே, உங்க கடையிலே எனக்கு ஒரு கண்ணாடி போடணும் சார், வகுப்பிலே பிள்ளைங்க பயப்படுற மாதிரி ஒண்ணு, என்பாள். உங்க கண்ணுக்குக் கண்ணாடி போட்டால் அது பாவம் என்று நாக்கின் நுனிவரை வரும்... விழுங்கிவிடுவான்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

காலையில் லிஃப்டில் குடியிருப்புச் செயலாளர் பிடித்துக்கொண்டார். அந்த வண்டியின் டக்டக் சத்தத்தில் விடியற்காலைத் தூக்கமே போச்சு, அடுத்த கூட்டத்தில் அதைக் கட்டடத்தை விட்டே வெளியேற்றச் சொல்லித் தீர்மானம் போடப் போகிறோம் என்றார். அவன் அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கு அவள் போயிருந்த நேரம் பார்த்து, அக்காவிடம் சாவி வாங்கி, வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். சத்தமே வரக் கூடாது என்றான். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்டதைச் செய்து கொடுத்தார்.

சாயங்காலம் அவள் வந்ததும் பெருமையோடு வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினான்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மெல்ல மாறியது.

"டக்டக் சத்தமே இல்லையே..."

"இல்லல்ல?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. கைகுலுக்க அவன் நீட்டிய கையைப் பார்க்கவும் இல்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

மறுநாள் காலையில் ஆறின எஞ்சினை அவள் திறந்தபோது இருக்கிறதிலேயே மெல்லிய தகடுகூட உள்ளே போகவில்லை. இடைவெளியே கிடையாது. லேசாகத் தட்டுகிற சத்தம் வந்தால்தான் கதவு முழுசாக மூடுகிறது என்று அர்த்தம், இப்படி இறுக்கினால் சூட்டில் மூடாமல் நின்று வால்வு கருகிப் போயிருக்கும் என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது.

"நான் உங்ககிட்ட கேட்டேனா சார்? இதைச் சரியா பண்ண எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்லது செய்யப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டவனின் ரோஷம் இருக்கிறதே, அதற்கு நாக்கு நீளம்.

"தொழிலே அதுன்னு இருக்கிறவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தக் கண்கள் அவனை ஒருதரம் பார்த்தன. கோபம் இல்லை அதில்... கோபம் இருந்திருந்தால் தேவலை. பிறகு அவள் வண்டிப் பக்கம் திரும்பி, நட்டைத் தளர்த்த ஆரம்பித்தாள். அவன் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியாத மாதிரி.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தான். திரைச்சீலைக் கம்பியை இன்னும் வாங்கவில்லை என்று அம்மா நினைவூட்டினாள். காலையில் டுப்டுப் சத்தம் கேட்டுத் தேய்ந்து மறையும்போது நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை படியிறங்கினான். இரண்டாம் மாடி வந்ததும் கால் தானாகத் திரும்பிவிடும்.

ஒரு நாள் கடைக்கு அவளுடைய அத்தான் வந்தார். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டுமாம். எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார். செயலாளர் வந்து சொன்னாராம், மச்சினி நேரே போய்ப் பேசிவிட்டாளாம். வண்டியை கேட்வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் பண்ணிக்கிறேன் என்றதும் அவரும் சரியென்றுவிட்டாராம். இவ்வளவு லேசாக முடிந்த விஷயத்துக்கா நான் அந்தப் பாடுபட்டேன் என்று அவன் வெட்கிக்கொண்டிருந்தபோது அவர் அடுத்ததைச் சொன்னார்.

"ஒண்ணுதான் தம்பி எனக்குப் புரியல. நான் அந்த வண்டியை எத்தனையோ வருஷம் ஓட்டினவன். வருஷத்துக்கு ரெண்டு தடவை டேப்பெட், அதான் அந்த வால்வு இடைவெளி, பாத்தா ஜாஸ்தி. இவ என்னடான்னா நீங்க குடிவந்ததுலேருந்து வாரா வாரம் திறந்து மூடிக்கிட்டிருந்தா. இப்போ ரெண்டு வாரமா திறக்கவே இல்ல. என்ன வியாதியோ, எப்படிக் குணமாச்சோ..."

கடைசி வரி தெரிகிறதா என்று அவன் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவர் அதைத் தப்பில்லாமல் படித்துவிட்டு, பலகைக்கு மேலாக அவனைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

ஞாயிறு காலை மழை பிடித்துக்கொண்டது. அவன் படியிறங்கினான். இந்தத் தடவை கால் திரும்பவில்லை.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். டப்பா திறக்கப்படவில்லை. கையில் ஸ்பேனர் இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் வந்ததை உணர்ந்தும் திரும்பவில்லை. அவன் படிக்கட்டில் உட்காரவில்லை, நின்றபடியே பேசினான். தன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததற்கு மன்னிக்கச் சொன்னான். அவள் வேலை செய்வதைப் பார்த்த நாளிலிருந்து தன் வேலையையே ஒழுங்காகச் செய்யப் பழகியிருப்பதைச் சொன்னான். லிஃப்டில் செயலாளர் சொன்னதையும் சொன்னான்.

அவள் திரும்பினாள். "அதை அன்னைக்கே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"பயம்..."

"எதுக்கு?"

மழை இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை அவனுக்கு. "வண்டியைத் துரத்திட்டாங்கன்னா... அப்புறம் நான் என்ன சாக்கு சொல்லிக் கீழே வர்றது டீச்சர்? எனக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். ஒவ்வொரு வாரமும் உங்களைப் பாக்கத்தான்."

அவள் எழுந்தாள். பெட்ரோல் டாங்கில் இல்லாத தூசியை விரலால் துடைத்தாள். காது நுனிவரை சிவந்திருந்தது. எத்தனையோ பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

"அத்தான் கடைக்கு வந்தாரா?" என்றாள் கடைசியில்.

வந்தார் என்றான். எல்லாம் சொன்னார் என்றான்.

"எல்லாமா?" அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "முதல் வாரம் நிஜமாவே அளவு தப்பாத்தான் இருந்துச்சு. நம்புங்க. அதுக்கப்புறம்... திறந்தா சரியா இருக்கும். மூடிடுவேன். திறக்கலைன்னா நீங்க எதுக்கு வருவீங்க?"

அவன் அந்தக் கைகளை மெதுவாக விலக்கினான். உரிந்து ஆறிய முட்டிகள், நகக்கண்ணில் போகாத கறுப்பு எண்ணெய்... உலகத்தில் இதைவிட அழகான கைகளை அவன் பார்த்ததில்லை. கைகளுக்குப் பின்னால் அந்தக் கண்கள் நனைந்திருந்தன. சரிவில் மழை இறங்கிவந்து இருவர் காலையும் தொட்டது. யாரும் துடைப்பத்தைத் தேடவில்லை.

"அடுத்த ஞாயிறு வண்டியைத் திறக்க மாட்டேன்," என்றாள் அவள், சின்னக் குரலில். "சும்மாதான் உக்காந்திருப்பேன்... வருவீங்களா?"

"வருவேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு, நேரா ரெண்டாம் மாடிக்கே வருவேன்."