ஏழு பத்துக்கு ஒரு கடிதம்

மேஜை மீதே தலை சாய்த்துச் செத்துக் கிடந்தார் அந்த மனிதர்.

பக்கத்தில் பாதி குடித்த காபி. லேப்டாப் திரையில் நாலே வரிக் கடிதம். 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை...'

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவர். தன் சாவுக்கும் அவரேதான் படம் போட்டாரா?

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

"கடிதம் காலைல ஏழு பத்துக்கு சேவ் ஆயிருக்கு. காபில விஷம். ஆனா கீபோர்டுல ஒரு கைரேகைகூட இல்ல. சாகப்போறவன் கீபோர்டைப் பளபளன்னு தொடச்சு வச்சிட்டா சாவான்?"

எதிரே நர்ஸ் உடையில் மனைவி. மூன்று மணிக்கு வீடு திரும்பி, பிணத்தைப் பார்த்து அலறியவள். இடது மணிக்கட்டில் கன்றிப்போன காயம். போன வாரம் அந்தக் காயத்தைத் தந்த கை இப்போது மேஜையில் கிடந்தது.

"ஏழு பத்துக்கு வீட்ல யாரும்மா இருந்தாங்க?"

"நானும்... அவரும்."

"உங்களுக்கு ஆறு மணி ஷிஃப்ட்டுன்னு சார்ட்ல இருக்கே?"

"கூட வேலை செய்யறவளுக்காக மாத்திக்கிட்டேன் சார். எட்டரைக்குத்தான் கிளம்பினேன். ஒன்பதுல இருந்து வார்டை விட்டு நகரல."

வாசலில் நின்ற அவள் தம்பிக்கு முகம் வெளுத்தது. கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"மாத்திக்கிட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா..."

பெண் போலீஸ் அக்காவின் கையைப் பிடித்தாள். காயம்பட்ட கையை!

"விடுங்க," என்றான் தம்பி. "ஏழு பத்துங்கறதே பொய் சார்."

"என்னப்பா உளர்றே?"

"இதுல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு. மாமாவோட படம் வரையற சாஃப்ட்வேர் பழசுலதான் ஓடும். அதனால பழசை அழிக்காம, டிஸ்க்கைப் பிரிச்சு, பக்கத்துல புதுசு ஒண்ணு போட்டேன். நேத்துதான். தொடலாமா?"

"ரேகையெல்லாம் எடுத்தாச்சு. தொடு."

லேப்டாப்பை அணைத்துத் திறந்தான். எந்த சிஸ்டம் வேண்டும் என்று திரை கேட்டது. முதலில் புதியது. பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டுப் பழையது.

"இப்ப மணி பாருங்க சார்."

சுவரில் நாலு நாற்பது. திரையில் பதினொன்று பத்து!

"ரெண்டு சிஸ்டத்துக்கும் உள்ள இருக்கற கடிகாரம் ஒண்ணுதான். புதுசு அதுல உலகப் பொது நேரத்தை எழுதிட்டுப் போயிடும். பழசு அதையே நம்ம ஊர் நேரம்னு நம்பிடும். அஞ்சரை மணி நேரம் குறையும். நெட் வந்தா மணி தானா சரியாயிடும். ஃபைல்ல பதிஞ்ச நேரம் மட்டும் மாறாது."

"அப்ப கடிதம் எழுதினது..."

"பன்னெண்டு நாப்பதுக்கு. அக்கா அப்ப வார்டுல இருந்தா."

பெண் போலீஸ் கையை விட்டாள். அக்கா சுவரோடு சாய்ந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தம்பியையே பார்த்தார். அவன் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விசையாக.

"எதுக்குப்பா தொடைக்கறே?"

"வேலை முடிஞ்சா தொடச்சுதான் வைப்பேன் சார். பழக்க..."

பாதியில் நின்றது வார்த்தை. துணியும்.

"இந்த அஞ்சரை மணி நேரக் கணக்கு இங்க வேற யாருக்குத் தெரியும்?"

தம்பி துணியைக் கைக்குள் சுருட்டினான்.

"ஏழு பத்துக்கு எங்க இருந்தே?"

"கடைல. தெருவே சாட்சி சொல்லும்."

"பன்னெண்டு நாப்பதுக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தெரிந்தேதான் வாயைத் திறந்தது.

"இங்கதான். நானே காபி போட்டுக் குடுத்தேன்." அவன் அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தான். "ஏழு பத்துக்கு அவ வார்டுல இருப்பான்னு நெனச்சேன் சார். எனக்கு வச்ச சாட்சி அவ கழுத்துக்குச் சுருக்காயிடுச்சு."

"டேய்..." அக்கா அவன் சட்டையைப் பற்றினாள்.

அவன் துணியை நாலாக மடித்து மேஜையில் வைத்தான். கைகளை நீட்டினான்.

விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

"ஸ்டேஷன்லயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல மட்டும் கை வச்சிடாதே தம்பி... எனக்கு ஆறு மணிக்கு டியூட்டி முடியணும்!"