உருண்டையனும் மூன்று மூலைக்காரனும்

வெள்ளிக்கிழமை மதியம், சிவப்புக் கொட்டகைக்குள் ஒரு பேய் தும்மியது.

தலை முதல் கால் வரை பழுப்பு நிறம். கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். பேய் மறுபடியும் தும்மியது. அதன் உடம்பிலிருந்து தூசும் பதரும் நாலா பக்கமும் பறந்தன.

"அக்கா, நிறுத்து! என் மூக்குக்குள்ள ஒரு வயலே இருக்கு!"

ஒடீல் கைப்பிடியை விட்டாள். தடதட சத்தம் நின்றது.

"டேய் பசீல்! காத்து வெளிய வர்ற பக்கம் நிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"காத்து வரும்னுதான் சொன்னே. குப்பையும் கூட வரும்னு சொல்லலையே!"

ஒடீலுக்குப் பதினொரு வயது. அவள் தம்பி பசீலுக்கு ஆறு. அவர்கள் முன்னால் நின்ற பழைய மரப்பெட்டிக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது.

அதன் பெயர் இருமல்காரன்.

பீரோ உயரம் இருக்கும். மேலே தானியத்தைக் கொட்ட ஒரு வாய். உள்ளே குலுங்கும் சல்லடைகள். பின்னால் மர விசிறி. பக்கவாட்டில் உள்ள இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் விசிறி சுழலும், சல்லடை ஆடும், பதர் ஒரு பக்கம் பறக்கும், சுத்தமான தானியம் இன்னொரு பக்கம் சரிந்து வாளியில் விழும். கரண்ட் வேண்டாம். பெட்ரோல் வேண்டாம். ஒடீலின் வலது கை போதும். கொஞ்சம் இடது கையும்.

சுற்றும்போதெல்லாம் அது 'கொஹ்... கொஹ்...' என்று இருமும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒடீல் சுத்தம் செய்துகொண்டிருந்தது பக்வீட். பெயரைக் கேட்டு அதைக் கோதுமை என்று நினைத்துவிட வேண்டாம். மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் உருண்டை இல்லை, மூன்று மூலை.

ஒரே ஒரு மூட்டை. ஆனால் அது ஒடீல் தானே விதைத்து, தானே அறுத்த மூட்டை.

அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் உருளைக்கிழங்கு வயல்தான். கிழங்கு தோண்டும் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், விதைப்புக் காலத்துக்கு முன்னால், கொட்டகைக்குப் பின்னால் உள்ள மூலை நிலத்தைக் கேட்டாள் ஒடீல். அப்பா ரொசேர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பக்வீட்டா? எதுக்கும்மா? கிழங்கு போட்டா பணமாவது வரும்."

"அப்ப நீங்க ப்ளாய் சாப்பிடறதை நிறுத்திடுங்கப்பா."

அப்பா தொப்பியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். ப்ளாயை நிறுத்துவதா! பக்வீட் மாவில் வார்க்கும் மஞ்சள் தோசை அது. மேலே முழுக்கக் கண் கண்ணாக ஓட்டை விழும். ஒரு பக்கம்தான் வேக வைக்க வேண்டும். அதைத் திருப்பிப் போடுகிற ஆளோடு அந்த ஊரில் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"சரி" என்றார் அப்பா. "அறுவடை விருந்துல உன் மாவுல சுட்ட ப்ளாய் வரணும். வந்தா அடுத்த வருஷமும் அந்த மூலை உனக்கு. வரலைன்னா மறுபடியும் கிழங்குதான். சம்மதமா?"

"சம்மதம்!"

அறுவடை விருந்து நாளைக்கு.

ஒடீல் வாளிக்குள் கையை விட்டாள். தூசு இல்லை. பதர் இல்லை. வைக்கோல் துணுக்கு ஒன்றுகூட இல்லை. அவள் முகம் மலர்ந்தது.

அடுத்த நொடி வாடியது.

"அக்கா" என்றான் பசீல், வாளிக்குள் எட்டிப் பார்த்து. "இதுல யாரு கறுப்பு குண்டு போட்டது?"

பழுப்பு மணிகளுக்கு நடுவே, பளபளவென்று கறுப்பு உருண்டைகள். ஒன்றா இரண்டா? அள்ளிய இடமெல்லாம் இருந்தன.

அவை எங்கிருந்து வந்தன என்று ஒடீலுக்கு உடனே புரிந்தது. கோடையில் பக்வீட்டைச் சுற்றி ஏறிய ஊதாப்பூக் கொடி! அவள் அதைப் பிடுங்கத்தான் போனாள். பசீல் குறுக்கே வந்து நின்றுகொண்டான்.

"பிடுங்காதே அக்கா! தேனீ சாப்பிட்டுட்டு இருக்கு. பாதி சாப்பாட்டுல யாராவது தட்டை எடுப்பாங்களா?"

ஒடீலுக்குக் கை வரவில்லை. விட்டுவிட்டாள். தேனீக்கள் வயிறு நிறையச் சாப்பிட்டன. கொடி காய்த்தது. காய் வெடித்தது. விளைவு, இதோ வாளியில்.

ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு இருவரும் சாலையைக் கடந்து ஓடினார்கள். எதிரே ஃபெர்னாண்ட் அத்தையின் மாவு மில். அத்தை டப்பாவை வெள்ளைத் தட்டில் கொட்டி, மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"முடியாது."

"அத்தை..."

"இந்தக் கறுப்பு உருண்டை உள்ள போச்சுன்னா மாவு கசக்கும். அப்புறம் ஊரே என்னைத் திட்டும். உன்னைத் திட்டாது, என்னைத்தான் திட்டும். கொடியை ஏன்டி பிடுங்கலை?"

பசீல் தன் செருப்பையே பார்த்தான்.

"நான்தான் அத்தை விட்டுட்டேன்" என்றாள் ஒடீல். "சுத்தம் பண்ணிக் கொண்டு வந்தா அரைப்பீங்களா?"

"காலைல பத்து மணிக்குள்ள வா. அதுக்கப்புறம் கல்லை நிறுத்திடுவேன். விருந்துக்கு நான் முடி சுருட்டிக்க வேணாமா?"

வெளியே வந்ததும் பசீல் மெல்லக் கேட்டான். "என்னாலதானே அக்கா?"

"தேனீயாலதான். அதுங்களைப் பிடிச்சு வந்து ஒவ்வொண்ணா பொறுக்க வைப்போம், வா."

பசீலுக்குச் சிரிப்பு வந்தது. ஒடீலுக்கு வரவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் போர் ஆரம்பமானது.

சின்னக் கண் சல்லடையை மாட்டினாள். இரண்டும் மேலே நின்றன. பெரிய கண் சல்லடையை மாட்டினாள். இரண்டும் கீழே விழுந்தன. கைப்பிடியை வெறி பிடித்தவள் போலச் சுற்றினாள். இருமல்காரன் இருமி இருமி, நல்ல பக்வீட்டையும் சேர்த்துக் கொட்டகைக்கு வெளியே துப்பினான். இரண்டு கோழிகள் ஓடி வந்து நன்றி சொல்லாமல் சாப்பிட்டன.

அளவும் ஒன்று. எடையும் ஒன்று. இருமல்காரனுக்கு வித்தியாசமே தெரியவில்லை!

கடைசியில் கையால் பொறுக்க உட்கார்ந்தாள். ஒரு தட்டு முடிவதற்குள் கழுத்து வலித்தது. மூட்டையைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு வேண்டுமானால் முடியும்.

"ஹோய்! ஹோய்! கறுப்பு முந்துது!"

பசீல் கத்தினான். அவன் ஒரு தட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான்.

ஒடீலுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இங்கே தலை போகிறது, அவனுக்கு விளையாட்டா! வாய் வரை வந்துவிட்டது திட்டு. அப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியில் இன்னும் பதர் ஒட்டியிருந்தது. திட்டு உள்ளேயே திரும்பிப் போனது.

"என்னடா பண்றே?"

"ரேஸ் விடறேன். ஆனா நல்லாவே இல்ல. எப்பவும் கறுப்புதான் ஜெயிக்குது."

"எப்பவுமா?"

"எப்பவும்! மூணு மூலைக்காரன் கிளம்பவே மாட்டேங்கறான். சோம்பேறி."

ஒடீல் எழுந்து நின்றாள்.

அளவு ஒன்று. எடை ஒன்று. ஆனால் ஒருவன் உருண்டை. இன்னொருவனுக்கு மூன்று மூலை!

"பசீல், நீ ஒரு மேதைடா!"

"தெரியும்" என்றான் பசீல். "எதுக்கு?"

ஒரு பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். பலகை வழவழவென்று இருந்ததால் எல்லாமே சர்ரென்று சறுக்கின. பலகைமேல் கிழங்குச் சாக்கை விரித்தார்கள். இப்போது எதுவுமே நகரவில்லை, கறுப்பு உருண்டைகள்கூடச் சாக்கில் மாட்டிக்கொண்டன.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும்" என்றாள் ஒடீல். "சொரசொரப்பா இருக்கணும், ஆனா ரொம்ப இருக்கக் கூடாது."

அவள் பார்வை வாசலுக்கு வெளியே போனது. துணிக்கொடியில், மாலைக் காற்றில், அப்பாவின் சிவப்புக் கம்பளி உள்பேன்ட் இரண்டு காலையும் வீசி நடனமாடிக்கொண்டிருந்தது. அம்மா அன்று காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தாள்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேணாம்" என்றான் பசீல். "அப்பா கொன்னுடுவார்."

"ஆமா, கொன்னுடுவார்" என்றாள் ஒடீல். அதற்குள் கவ்வியைக் கழற்றிவிட்டாள்.

இடது காலுக்குள் ஒரு பலகை. வலது காலுக்குள் ஒரு பலகை. கம்பளி இழுத்துப் பிடித்துக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. இருமல்காரனின் தானியம் விழும் வாய்க்குக் கீழே பலகைகளைச் சாய்த்து வைத்தார்கள். அடியில் ஒரு வாளி. ஒடீல் கைப்பிடியை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினாள்.

கொஹ்... கொஹ்...

தானியம் மெல்லிய ஓடையாகக் கம்பளிமேல் விழுந்தது.

மூன்று மூலைக்காரன் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். உருண்டையன் உருண்டான். உருண்டு, உருண்டு, வாளிக்குள் 'டிங்!'

"டிங்! டிங்! டிங்!" என்று பசீலும் கூடவே கத்தினான். சேர்ந்த பக்வீட்டைச் சின்னத் துடைப்பத்தால் பக்கவாட்டில் தள்ள, அது கீழே விரித்த துணியில் குவிந்தது. பழுப்பு மட்டும். கறுப்பு ஒன்றுகூட இல்லை!

முக்கால் மூட்டை முடிந்திருக்கும். வெளியே டிராக்டர் சத்தம்.

அப்பா!

ஒடீல் பாய்ந்து போய் வாசலை மறித்து நின்றாள். அப்பா டிராக்டரிலிருந்து இறங்காமலே கேட்டார். "என்னம்மா, கிழங்கு விதைக்குச் சொல்லிடட்டுமா?"

"நாளைக்குச் சொல்றேம்பா!"

"ராத்திரி பனி விழும்போல இருக்கு. என் சிவப்பு உள்பேன்ட் காஞ்சிடுச்சா பாரு."

உள்ளேயிருந்து பசீலின் குரல் வந்தது.

"காயுதுப்பா! ரொம்ப நல்லா காயுது! ரெண்டு காலும் காயுது!"

அப்பா புருவத்தை உயர்த்தினார். பிறகு டிராக்டரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

கடைசிப் பிடி தானியமும் விழுந்ததும், ஒடீல் கம்பளியை நன்றாக உதறிக் கொடியில் மாட்டினாள். நன்றாக உதறியதாகத்தான் நினைத்தாள்.

பசீல் கறுப்பு உருண்டைகளை ஜாம் பாட்டிலில் நிரப்பினான். "இதை ரோட்டோரம் விதைப்பேன். அங்க தேனீங்க நிம்மதியா சாப்பிடட்டும். யாரும் தட்டை எடுக்க மாட்டாங்க."

மறுநாள் காலை. ஃபெர்னாண்ட் அத்தை வெள்ளைத் தட்டில் ஒரு பிடி கொட்டினார். கண்ணாடியை இறக்கினார். விரலால் கிளறினார். இன்னொரு பிடி. இன்னொரு கிளறல்.

"கறுப்பு இல்ல" என்றார் நம்ப முடியாமல். பிறகு இரண்டு விரலால் எதையோ தூக்கிப் பிடித்தார். "இது என்ன?"

சிவப்பு நூல்.

"அது வந்து அத்தை, அது அப்பாவோட..." என்று பசீல் ஆரம்பித்தான். ஒடீல் அவன் காலை மிதித்தாள்.

"ஆவ்!"

"கம்பளி நூல் அத்தை" என்றாள் ஒடீல். "பறந்து வந்து விழுந்திருக்கும்."

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நூலை ஊதிவிட்டார். கல் சுழல ஆரம்பித்தது.

அன்று மாலை மாதா கோவில் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. அம்மா கல்லில் ப்ளாய் வார்க்க வார்க்க, தட்டுகள் காலியாகிக்கொண்டே இருந்தன. மேலே வெண்ணெய் உருகி ஒவ்வொரு ஓட்டையிலும் நிரம்பியது. ஃபெர்னாண்ட் அத்தை, சுருட்டிய முடி கலையாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா சாப்பிடுவது எத்தனையாவது ப்ளாய் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அவர் நிம்மதியாக உட்காரவில்லை. வலது காலைச் சொறிந்தார். இடது காலைச் சொறிந்தார். நாற்காலியில் நெளிந்தார்.

"என்னமோ குத்துதே" என்று முணுமுணுத்தார். "மூணு மூலையா குத்துது!"

எழுந்து காலை உதறினார்.

டக்.

அவர் பேன்ட் விளிம்பிலிருந்து ஒரு கறுப்பு உருண்டை விழுந்தது. மரத்தரையில் கடகடவென்று உருண்டு, இரண்டு மேஜைகளைக் கடந்து, ஃபெர்னாண்ட் அத்தையின் காலணியில் மோதி நின்றது.

"கறுப்புதான் ஜெயிச்சது!" என்று பசீல் நாற்காலிமேல் ஏறிக் கத்தினான்.

அத்தை குனிந்து உருண்டையைப் பார்த்தார். நிமிர்ந்து, அப்பாவின் கணுக்காலில் எட்டிப் பார்த்த சிவப்புக் கம்பளியைப் பார்த்தார். கடைசியாக, கையிலிருந்த பாதி ப்ளாயைப் பார்த்தார்.

"ஒடீல்" என்றார் மெதுவாக. "அந்த நூலு..."

ஒடீல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பசீலின் ரேஸ், சாக்கு, பலகை, இரண்டு கால். சொல்லச் சொல்ல அவள் முகம் அந்தக் கம்பளியைவிடச் சிவந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா உட்கார்ந்தார். உடனே 'ஸ்ஸ்' என்று எழுந்தார்.

"அந்த மூலை நிலம் அடுத்த வருஷமும் உனக்குத்தான்" என்றார். "பக்கத்துல இருக்கற துண்டையும் எடுத்துக்க. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்னப்பா?"

"உன் மிஷினுக்குத் தனியா ஒரு உள்பேன்ட் வாங்கித் தரேன். இது என்னோடது!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஃபெர்னாண்ட் அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"துவைச்சதுதானே?" என்று கேட்டார்.

"துவைச்சதுதான் அத்தை! கொடியிலேர்ந்து அப்பத்தான் எடுத்தோம்!"

அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ப்ளாயை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பாதி ப்ளாயை ஒரே வாயில் முடித்துவிட்டு, தட்டை அம்மா பக்கம் நீட்டினார்.

"அப்ப இன்னும் ரெண்டு போடு."