மூன்று நிமிடப் பாட்டில் ஒரு கொலை!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

ஆர்வெல்லா குட்லோவின் சாப்பாட்டுக் கடையில் டெலிபோன் அலறியது.

காலை பதினோரு மணி. 1966 ஆகஸ்ட். மிஸிஸிப்பி வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே ஆர்வெல்லா கெளுத்தி மீனை வறுத்துக்கொண்டிருந்தாள்.

மார்ஷல் எஸெல் டார்ப்ளி வாயிலிருந்த சோள ரொட்டியை விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தார். மேயரிலிருந்து தபால்காரர் வரை அத்தனை பேரும் கறுப்பர்களாக இருக்கும் ஷைலோ பெண்ட் ஊருக்கு அவர்தான் ஒரே போலீஸ்.

"மார்ஷல்... ஓக்ஸ் பேசறேன்!"

ஃபெனிமோர் ஓக்ஸ். ஊரின் சாவுகளுக்கெல்லாம் சவப்பெட்டி செய்து அடக்கம் பண்ணுகிறவர். அவர் குரலே நடுங்கியது!

"என்ன ஓக்ஸ்? யாரு போயிட்டாங்க?"

"போய் ரொம்ப வருஷம் ஆச்சு! சர்ச்சுக்குப் பின்னால கட்டடத்துக்குத் தோண்டினாங்க. பலகை போட்டு மூடின பழைய வறண்ட கிணறு... உள்ளே எலும்பு!"

"கோழி எலும்பா இருக்கும்யா."

"தொடை எலும்பு ஒண்ணு மேலே வந்திருக்கு. என் கை தண்டி! ஏழடி ஆளு மார்ஷல்!"

"நிச்சயமாத் தெரியுமா?"

"நாப்பது வருஷமா ஆளை முழுசா வெச்சுப் புதைச்சே பழக்கம். உதிரியாப் பார்த்ததில்ல. ஆனா பெரிய ஆளு! நான் ஏணி போட்டு இறங்கப் போறேன். இன்னொண்ணு... பாஸ்டர் பதட்டத்துல கவுண்டி ஷெரீஃபுக்குப் போன் பண்ணிட்டாரு. நாலு மணிக்கு வர்றாங்களாம்!"

எஸெலின் முகம் மாறியது. மாவட்டப் போலீஸுக்கே தலைவனான ஷெரீஃப் வெள்ளைக்காரன்.

கவுண்டி ஜெயிலுக்குள் போன கறுப்பன் எவனும் நடந்து வெளியே வந்ததை அவர் பார்த்ததில்லை.

"வறண்ட கிணத்துல மனுஷ எலும்பா...?" ரிசீவரை வைத்த மார்ஷல் வாய்விட்டே சொன்னார்.

மூலை மேஜையிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞன் எழுந்தான். விட்லோ ப்ரெண்டிஸ். பாஸ்டன்காரன். கறுப்பர்களின் சோகப் பாட்டான ப்ளூஸின் பழைய இசைத்தட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறவன்.

"மார்ஷல்... அந்தக் கொலையை யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். குருட்டு மோஸ் பெட்டவே!"

கடையிலிருந்த அத்தனை தலைகளும் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பின.

திரும்பக் காரணம் இருந்தது. அந்த நிமிடம் கடையில் இரண்டு குருட்டு மோஸ் பெட்டவேக்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

1929-ல் வந்த ஒரே ஓர் இசைத்தட்டு. 'வறண்ட கிணறு' என்று ஒரு பாட்டு. தட்டின் மேல் குருட்டு மோஸ் பெட்டவே என்று பெயர். போட்டோ கிடையாது. ஊர் கிடையாது. பிறந்தாரா, செத்தாரா... தெரியாது. பாடிக்கொண்டே ஷைலோ பெண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான் துப்பு!

'மோஸ் கிடைத்தால் அக்டோபரில் பாஸ்டன் பாட்டு விழாவில் மேடை ஏற்றுவேன்' என்று ப்ரெண்டிஸ் வந்த அன்றே சொல்லிவிட்டான்.

மறுநாளே லான்ஸோ க்ரட்சர், வயது எழுபது, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். "நான்தான் மோஸ்!"

அதற்கு மறுநாள் டோப் சாட்டர்வைட், வயது எழுபத்திரண்டு. "அவன் பொய் சொல்றான். நான்தான் மோஸ்!"

"உங்களுக்குக் கண் நல்லாத் தெரியுதே?" என்று ப்ரெண்டிஸ் கேட்டதற்கு டோப் கண்ணே சிமிட்டவில்லை.

"அப்ப குருடு. அப்புறம் சரியாயிடுச்சு. கர்த்தர் கிருபை!"

"மிஸ்டர் ப்ரெண்டிஸ், அந்தப் பாட்டைப் போடுங்க," என்றார் மார்ஷல்.

ப்ரெண்டிஸ் பெட்டியைத் திறந்து, தலையணைக்கு நடுவிலிருந்து தட்டை எடுத்து, கிராமபோனில் வைத்தான்.

கரகர... கரகர... மீன் வறுபடும் சத்தம் போல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு கிதார். கனத்த, கரகரத்த குரல்...

கிணத்தோரம் கூட்டிப் போனேன்... கயித்தைக் கை நழுவ விட்டேன்... ஷைலோ பெண்டுல கேட்டா சொல்லாதீங்க... அவன் கீழே, நான் மேலே... சாமி, யாருகிட்ட நான் சொல்வேன்...

பாட்டு முடிந்தது.

"இது ஒப்புதல் வாக்குமூலம்!" ப்ரெண்டிஸ் கத்தினான். "இதைப் பாடினவர்தான் கொலைகாரர்!"

லான்ஸோ மெல்லக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி டோப்பின் முன்னால் நகர்த்தினார்.

"இந்தாப்பா மோஸ். உன் கண்ணாடி."

"யோவ்! என்கிட்ட ஏன் தள்றே? நீதானே முதல்ல வந்து மோஸ்னே?"

"விளையாட்டுக்குச் சொன்னேன். நீதான் கர்த்தர் கிருபைன்னு சத்தியமே பண்ணினே!"

"நான் பாடினதே இல்லைய்யா! எங்க வீட்ல நாய்கூட என் பாட்டைச் சகிக்காது!"

"எனக்குக் காதே கேட்காது!"

"இவ்வளவு நேரம் எப்படிடா பதில் சொன்னே?"

"உதட்டைப் பார்த்து!"

மார்ஷல் மேஜையை ஓங்கி அறைந்தார்.

"நிறுத்துங்க! நாலு மணிக்கு ஷெரீஃப் வருவான். நீங்க ரெண்டு பேரும் மோஸ்னு ஒரு வாரமா ஊர் பூரா தம்பட்டம் அடிச்சிருக்கீங்க. அவன் விசாரிக்க மாட்டான். ரெண்டு பேரையும் அள்ளிட்டுப் போயிடுவான். அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. டோப் முள்கரண்டியை வைத்துவிட்டு வாசல் எவ்வளவு தூரம் என்று அளந்தார்.

"குரலை ஒப்பிட்டுப் பார்த்துடலாம்!" என்றான் ப்ரெண்டிஸ். "ரெண்டு பேரும் பாடுங்க!"

நேற்றுவரை தேனாகக் குழைந்த இரண்டு தொண்டைகளும் இன்று சேர்ந்து வீறிட்டன. ஜன்னலோரம் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போனது.

"மெட்டே இது இல்ல! இப்படி..." ப்ரெண்டிஸ் தன் கிதாரை எடுத்தான். கத்தியின் முதுகைக் கம்பியில் வைத்து இழுத்தான்.

ஙொய்ய்ய்ங்...!

மறுபடி.

ஙொய்ய்ய்ய்ங்...!

மூன்றாவது தடவை இழுப்பதற்குள் சமையலறையிலிருந்து ஒரு கர்ஜனை!

"அடப்பாவி! அஞ்சாவது கம்பியை இறக்குடா! எத்தனை தடவைதான் நானும் பொறுத்துக்கிறது?"

ஆர்வெல்லா!

வயது அறுபத்தொன்று. சர்ச் பாடகர் குழுவின் தலைவி. ப்ளூஸ் என்றால் பிசாசின் பாட்டு என்று சொல்லும் பாஸ்டரின் முன்வரிசை விசுவாசி. மாவு படிந்த கையோடு வந்து, கிதாரைப் பிடுங்கி, மூன்று கம்பிகளைத் திருகிச் சுருதி மாற்றி, கத்தியை வைத்து இழுத்தாள்.

பிறகு பாடினாள்.

அதே கனத்த குரல். அதே கரகரப்பு. இரைச்சல் மட்டும் இல்லை.

ப்ரெண்டிஸ் தொப்பென்று நாற்காலியில் விழுந்தான்.

"நீங்களா...? ஆனா அது ஆம்பளைக் குரல்..."

"என் குரலே இதுதான் தம்பி. அதுக்கு நான் என்ன பண்றது?"

"சிஸ்டர்..." மார்ஷல் தொப்பியைக் கழற்றினார். "சின்ன வயசுலேர்ந்து உங்க கையால சாப்பிட்டவன் நான். இப்ப இதை ஏன் வெளியே சொன்னீங்க?"

"வேறென்ன செய்யறது எஸெல்? முப்பத்தேழு வருஷமா வாயைத் திறக்கல. ஒரு வார்த்தை விட்டா சர்ச்சுல என்னை நிக்க விடுவாங்களா? ஆனா இந்த ரெண்டு கிழட்டு மடையன்களை ஷெரீஃப் இழுத்துட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டு நான் மீன் வறுக்க முடியுமா?"

இரண்டு கிழட்டு மடையன்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப மோஸ் பெட்டவே யாரு?" ப்ரெண்டிஸ் கேட்டான்.

"கிணத்துல கிடக்கறானே... அவன்தான் மோஸ்!"

"என்ன...?!"

"மெம்பிஸ்ல ஹோட்டல் ரூம்ல வெச்சுத்தான் பதிவு பண்ணினாங்க. என் பேரைப் போட்டா எங்கப்பா கொன்னுடுவாரு, போடாதீங்கன்னேன். பாட்டு முடிஞ்சதும் அங்கே எழுதிக்கிட்டிருந்தவன், 'செத்தது யாரும்மா?'ன்னு கேட்டான். மோஸ் பெட்டவே, கண்ணு தெரியாதுன்னேன். அந்த முட்டாள் அதையே தட்டுல பேராப் போட்டுட்டான்!"

செத்தவன் பெயரில் பாட்டு! இத்தனை நாளாக ப்ரெண்டிஸும் அவன் கூட்டாளிகளும் தேடியது கொலைகாரனை அல்ல... பிணத்தை!

மார்ஷல் கைவிலங்கை எடுத்தார்.

"ஏன் தள்ளினீங்க சிஸ்டர்?"

"தள்ளலை! அந்த நிலம் அப்ப எங்களோடது. அவனைக் கிணத்தோரமாக் கூட்டிட்டுப் போனேன். கயித்தை ஒரு நிமிஷம் விட்டேன். கால் வழுக்கிடுச்சு..." ஆர்வெல்லா முந்தானை போலத் தொங்கிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்தாள். "பதினோரு வருஷம் எங்க வீட்டுலேயே கிடந்தான். மாடா உழைச்சான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அவனை மாதிரி ஒரு ஆம்பளையை அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்ல!"

"கயிறா? கண் தெரியாத மனுஷனைக் கயித்துல கட்டியா கூட்டிட்டுப் போனீங்க?!"

"வேற எப்படி வருவான்?"

தடார்!

கதவு திறந்தது. தலை முதல் கால் வரை மண்ணாக ஓக்ஸ் நின்றார். கையில் ஒரு சாக்கு.

"மார்ஷல்! மண்டை ஓடு கிடைச்சிடுச்சு! ஆனா..."

சாக்கை மேஜை மேல் கவிழ்த்தார்.

ஒன்றரை அடி நீள மண்டை ஓடு. கட்டை விரல் பருமனில் வரிசையாகப் பற்கள். பக்கத்திலேயே உருண்டு வந்து நின்றது... ஒரு குளம்பு!

எல்லோரும் மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"கோ... கோவேறு கழுதை!" மார்ஷல் திக்கினார்.

"ஆமா. பெட்டவே வீட்டுல வாங்கினது. அதான் மோஸ் பெட்டவே." ஆர்வெல்லா மண்டை ஓட்டை வாஞ்சையாகத் தடவினாள். "நீங்க என்னவோ புதுசாக் கேட்கற மாதிரி முழிக்கறீங்க?"

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா சிஸ்டர்?!"

"யாருன்னு கேட்டே, சொன்னேன். எத்தனை காலுன்னு நீ கேட்கவே இல்லையே!"

லான்ஸோவும் டோப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும், ஒரு வாரமாகத் தங்களைக் கழுதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தது உறைக்க, சட்டென்று விலகி உட்கார்ந்தார்கள்.

மார்ஷல் டெலிபோனை நோக்கி ஓடினார். "ஷெரீஃப் ஆபீஸா? நீங்க வர வேண்டாம்... என்னது, இறந்தவரோட வாரிசா? இல்லைங்க. அந்த இனம் குட்டியே போடாது, வாரிசு ஏது!"

ப்ரெண்டிஸ் குளம்பையே வெறித்தான். "நாப்பது பக்கம் கட்டுரை எழுதியிருக்கேன். அவரோட விரல்கள் அசாதாரண நீளம்னு..."

"பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன செய்வேன் ஓக்ஸ்?" ஆர்வெல்லாவின் குரல் முதல் முறையாக இறங்கியது. "இனி சர்ச்சுல எப்படிப் பாடுவேன்?"

ஓக்ஸ் சிரித்தார்.

"கவலையே படாதே சிஸ்டர். நான் உள்ளே இறங்கியிருந்தப்ப பாஸ்டர் கிணத்தோரம் முட்டி போட்டு, அரை மணி நேரம், 'இந்தச் சகோதரன் பரலோகத்தில் நடப்பானாக'ன்னு ஜெபம் பண்ணிட்டாரு. ஊரே ஆமென் சொல்லிச்சு. அவரு உன்னை ஒரு கேள்வி கேட்பாருங்கறே?"

ஆர்வெல்லா நிமிர்ந்தாள். கிதாரைத் தோளில் மாட்டினாள்.

"அப்ப சரி. அக்டோபர்ல நானே வரேன் தம்பி. ஆர்வெல்லா குட்லோன்னு பெருசாப் போடு!"

"ஐயோ... குருட்டு மோஸ் நேரில் வர்றாருன்னு போஸ்டர் ஒட்டியாச்சே!" ப்ரெண்டிஸ் தலையில் கை வைத்தான். "அவரு ஏன் வரலைன்னு ஜனங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

ஆர்வெல்லா அவன் தோளைத் தட்டினாள்.

"உசிரோட இருந்தப்பவே அவன் கூப்பிட்ட இடத்துக்கு வந்தவன் இல்லன்னு சொல்லு!"