நேரலையில் ஒரு குடிகாரன்

"ரோக்குசுகே அண்ணன் ஜெயிச்சதை ரத்து பண்ணுங்க."

மூத்த சீடனுக்கு எதிராக வாயைத் திறக்கக் கூடாது என்பது சதோமிக்குக் குருவீட்டில் முதல் நாளே சொல்லப்பட்ட பாடம். அதை நடுவர் செகாவாவின் வீட்டில், அந்த அண்ணன் எதிரிலேயே காற்றில் பறக்கவிட்டாள்.

செகாவா பதறவில்லை. ஓய்வுபெற்ற துப்பறிவாளர் அவர். கால் முறிந்து வீட்டோடு இருப்பதால், டோக்கியோ அரங்குகள் இணையத்தில் காட்டும் ஒன்றையும் விடுவதில்லை. அதற்காகவே நகைச்சுவைக் கதைப் போட்டிக்கு அவரை நடுவராக்கியிருந்தார்கள். அவரவர் அறையில் சின்ன இருக்கை மெத்தையில் மண்டியிட்டு நேரலையில் கதை சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் வாக்களிப்பார்கள். வென்றவருக்கு அரங்கில் ஒரு முழு மாலை நேர நிகழ்ச்சி. நேற்று வென்றது ரோக்குசுகே. சதோமி இரண்டாமிடம்.

"அது நேரலையே இல்லைங்க. அண்ணன் குரு முன்னாடியே தடுமாறுவாரு. நேத்து ஒரு வார்த்தை தப்பல."

"ரெண்டாவதா வந்தா வயிறு எரியத்தான் செய்யும்," என்று ரோக்குசுகே தேநீரை உறிஞ்சினான்.

செகாவாவின் மனைவி ஃபுமி ஆர்வத்தோடு பதிவை ஓடவிட்டாள். "பின்னாடி கடிகாரம் பாருங்க, சரியான நேரம் காட்டுது. நேரலைதான். வழக்கு முடிஞ்சுது."

"கடிகாரத்தைத் திருப்ப ஒரு விரல் போதும், ஃபுமி. கீழே பாரு."

திரையில், கதையில் வரும் குடிகாரனாக நடித்த ரோக்குசுகே முகம் கவிழ்ந்து குறட்டை விட்டான். பிறகு தலை தூக்கினான்.

"நிறுத்து. சதோமி, நீங்கல்லாம் மெத்தையை எப்படிப் போடுவீங்க?"

"தையல் இல்லாத பக்கம் முன்னால. நமக்கும் பார்க்கிறவங்களுக்கும் நடுவுல பிரிவு வரக்கூடாதுன்னு..." சதோமி பாதியில் நிறுத்தினாள். படத்தில் முன்பக்கம் நெடுகத் தையல் ஓடியது.

ஃபுமி பின்னோக்கி ஓட்டினாள். குறட்டைக்கு முன் அதே இடம் வழவழவென்று இருந்தது.

"உட்கார்ந்திருக்கிறவருக்குக் கீழே மெத்தை தானாத் திரும்பாது," என்றார் செகாவா. "எழுந்து போயிட்டு வந்திருக்கார். முகம் மறைஞ்ச இடத்தில் ரெண்டு பதிவை ஒட்டியிருக்கார். அரங்கில் மெத்தை போடுறது இளையவங்க வேலை. இவருக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

"அஞ்சு வருஷமா நான்தானே போடுறேன்," என்றாள் சதோமி.

ரோக்குசுகே கோப்பையை வைத்தான். "ஒத்திகையில கேமராவைப் பார்த்துச் சொன்னேன். ஒரு சிரிப்பு இல்ல. பயத்துல கதையே மறந்துபோச்சு. அதான் முன்னாடியே பதிவு பண்ணிட்டேன். நடுவுல பசி வேற... நூடுல்ஸ் சாப்பிடப் போனேன்."

ஃபுமி வெடித்துச் சிரித்தாள். சதோமி அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் ரோக்குசுகேயும் சேர்ந்துகொண்டான்.

"அந்த மாலை நிகழ்ச்சி இனி உன்னுது," என்றார் செகாவா.

"இப்படிக் கிடைச்சா எனக்கு வேண்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் நேரலையில சொல்றோம். பார்க்கிறவங்களை மைக்கைத் திறந்து வைக்கச் சொல்லுங்க. அண்ணனுக்கும் சிரிப்புக் கேட்கட்டும். அப்புறம் ஜெயிச்சுக்கிறேன்."

"தோத்துட்டா?" என்றான் ரோக்குசுகே.

"சாப்பிட்டுட்டு வந்து உட்காருங்கண்ணே." செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எந்தக் கதை சொல்லப் போறே?" ஃபுமி வாசல்வரை ஓடிவந்தாள்.

"அதே குடிகாரன்தான்," என்று படியிறங்கிக்கொண்டே சொன்னாள் சதோமி.