பட்டினிக் கல்லீரலும் ஒரு ஏசி மெக்கானிக்கும்

"யாருங்க என் எலிகளுக்குத் தீனி போட்டது?"

அவள் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே கப்சிப். ஏணி மேலிருந்த ஏசி மெக்கானிக் மெல்லக் கையைத் தூக்கினான்.

"நான்தான் மேடம். தட்டு காலியா இருந்துச்சு... பாவமா பார்த்துச்சுங்க."

"பட்டினியில கல்லீரல் செல்கள் எப்படிச் சக்தி தயாரிக்குதுன்னு பார்க்கிறதுதான் என் ஆராய்ச்சியே! எல்லாம் போச்சு!"

"எலிங்ககிட்ட யாராவது சம்மதம் கேட்டீங்களா?"

திட்ட வாயெடுத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் கண்களில் குறும்பு... இமையில் ஏசித் தூசி... வந்த திட்டு தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் ஏசி பார்க்க வரும்போதெல்லாம் அந்தக் கோபத்தை ஆறவிடாமல் காத்தாள். அவனிடம் பேச வேறு சாக்கு?

வீட்டிலோ அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"எனக்கு அந்த ஏசி மெக்கானிக்கைப் பிடிச்சிருக்கு" என்றாள். அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பசி வந்தா பத்தும் பறந்துடும். பார்க்கலாம்!"

"பறக்காதுப்பா. முதல்ல கல்லீரல் சேர்த்துவெச்ச சர்க்கரையை எடுத்துவிடும். அது குறைஞ்சா கொழுப்பை எரிக்கும். மூளைக்கே எரிபொருள் செஞ்சு அனுப்பும். உங்களோட சண்டை போட எனக்கு அது போதும்."

மறுநாள் மாலை அப்பாதான் இறங்கி வந்தார்.

"சரி அம்மாடி... அந்தப் பையன் என்ன சொல்றான்?"

"அவர்கிட்ட... இன்னும் சொல்லலையேப்பா."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அவனுக்கே தெரியாம அவனுக்காகப் பட்டினியா? போ, முதல்ல கேட்டுட்டு வா. அப்புறம் கிட!"

"கேட்கிறேன். அவர் மாட்டேன்னாலும் நீங்க பார்த்தவர் வேண்டாம்!"

மழையில் நனைந்தபடியே ஆய்வுக்கூடம் போனாள். அவன் ஏணியில் இருந்தான்.

"கீழே இறங்குங்க."

"என்ன மேடம், எலிக்கு ஏதாவது..."

"எலி நல்லா இருக்கு. நான்தான் உங்களுக்காக நேத்திலிருந்து பட்டினி. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க... அழ மாட்டேன்."

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது. ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"இந்த ஏசி போன மாசமே சரியாயிடுச்சுங்க..." என்றான். "சும்மா கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன்."