ஒரு மணி பாக்கி

“உங்க சாமி உங்கூட ஓடுமா?”

பால் வாங்க வந்த தர்ஷினி ஒருநாள் காலையில் கேட்டாள். ஓடத் தொடங்குமுன் நான் தெருமுனையில் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தேன். அவளும் என்னைப்போல ஏழாம் வகுப்பு. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன்.

எங்கள் வீடு மூக்கண்டப்பள்ளியில். அம்மாவுக்கு முதல் ஷிப்ட். ஐந்தரைக்கு என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வர ஏழாகும். அதுவரை வீட்டில் யாரும் இல்லை. அப்படித்தான் ஓட ஆரம்பித்தேன்.

தண்ணீர் டேங்க் வரை போய், ஆறு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் திரும்ப வேண்டும். பனி கொட்டினாலும் அப்படித்தான். ஞாயிறு மட்டும் லீவு. அன்று சர்ச்சில் பூசை.

மாலையில் பள்ளி மைதானத்தில் சுற்றுவேன். எப்போது ஓடினாலும் கையில் சின்ன ஜெபமாலை இருக்கும். அதில் பத்து மணிகள், ஒரு சிலுவை. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நகர்த்துவேன், ஒரு ஜெபம் சொல்வேன். பேச வேறு யாரும் இல்லையே!

“ஏ அல்லேலூயா!” என்று மற்றவர்கள் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. மூவாயிரம் மீட்டர். எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்திதான் போகலாம். இரண்டு வருஷமாக அந்த ஓர் இடத்துக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

தேர்வு நாள் வந்தது. எங்கள் மைதானத்தில் பதினைந்து சுற்று ஓட வேண்டும். விளையாட்டு ஆசிரியர் பிரகாஷ் சார் விரல் மடக்கி எண்ணினார். நடுவில் பள்ளி விழா வேலையாக அவருக்குப் போன் வந்தது.

“டெம்போ வரலியா? சேர் எல்லாம் எங்க நிக்குது?” என்று கத்திக்கொண்டே எண்ணினார்.

ஆறு பேரில் நான்கு பேர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் முன்னால் ஓடினேன். பத்தடி பின்னால் தர்ஷினி. விசில் ஊதியது.

“முடிஞ்சிது! ஜெயப்ரியா ஃபர்ஸ்ட்டு!”

எல்லோரும் கை தட்டினார்கள். “ஜெயப்ரியா! ஜெயப்ரியா!” அன்றுதான் அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கையை விரித்துப் பார்த்தேன். பத்து மணி முடிந்து, மறுபடி நான்கு நகர்ந்திருந்தன. ஒன்று பாக்கி.

கையை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மூடினேன். மணி உள்ளங்கையில் குத்தியது.

“சார், இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்குதுங்க சார்.”

“ஏம்மா, நான் எண்ணலியா?”

“பதினாலுதாங்க சார் ஆச்சி.” மணிகளைக் காட்டினேன்.

சார் தன் விரல்களைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

தர்ஷினி மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். “ஜெயிச்சவளே இப்புடிச் சொல்லுவாளா? லூசாடி நீ?”

“நான் பத்தடி முன்னால இருந்தேன். அதே மாதிரி நின்னு, அந்த ஒண்ணையும் ஓடிடலாம், வா.”

ஓடினோம். கடைசிச் சுற்றில் தர்ஷினியின் வேகம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கடைசி வளைவில் என்னைத் தாண்டினாள். ஒரு கை நீளம்தான்.

சார் அவள் பெயரை எழுதிக்கொண்டார். தோழிகள் அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள்.

“அல்லேலூயா, வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?” என்றாள் ஒருத்தி.

அன்று அம்மாவுக்கு ஓவர்டைம். அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார். சுவரிலிருந்த மாதா படத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி மணியை நகர்த்தினேன். பிறகு அழுதேன்.

மறுநாள் ஐந்தரைக்கு அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். இனி எதற்கு ஓட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கால்கள் தாமாகவே தெருமுனைக்குப் போய்விட்டன.

ரோட்டு வளைவில், பின்னால் சத்தம். நாய் என்று நினைத்துக் கல்லை எடுத்தேன்.

தர்ஷினி!

கல்லைக் கீழே போட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து ஓடினாள். டேங்க் வரை போனோம், திரும்பினோம். நான்கு கால்களும் ஒரே தாளத்தில் விழுந்தன. மணியை நகர்த்தவே மறந்துபோனேன்.

சங்கு ஊதியது.

தர்ஷினி நின்றாள். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் கையிலிருந்த ஜெபமாலையை ஒருமுறை பார்த்தாள். நான் மறந்த மணியை விரலால் நகர்த்திவிட்டு, தன் தெருப் பக்கம் திரும்பிப் போனாள்.